ஏழாவது கட்டம்

செவ்வாய்க்கிழமை மூவர் குழு வருகிறது.
வெள்ளி இரவு எட்டு மணி, காலாப்பட்டு.
கீபோர்டில் உப்பு படியுமென்று
கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு
துறையின் மதிப்பைத் தட்டச்சு செய்கிறேன்.
நான் பேராசிரியன் இல்லை. பிரிவு எழுத்தர்.

அனுமதித்த பணியிடம் பதினான்கு.
நிரம்பியது ஆறு.
ஆறில் ஒருவர் மருத்துவ விடுப்பு,
இன்னொருவருக்குத் தேர்வுப் பிரிவில் கூடுதல் பொறுப்பு,
இந்தப் பக்கம் தலைகாட்டி நாளாயிற்று.
கட்டம் சிறியது.
ஆறு என்று போட்டேன்.

கட்டுரைகள் நாற்பத்து மூன்று.
மேற்கோள்கள் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம்.
அதில் தொள்ளாயிரம் ஒரே கட்டுரைக்கு:
உப்பனாற்றுச் சேற்றில்
ஈயம் எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்பது.
எழுதிய தயாபரன் நார்வே போய் ஏழு வருடம்.
சம்பளம் அரசாங்கம் தருகிறது,
சோறு இன்னும் அவர் பேரில்.

அந்தக் கட்டுரையின் கடைசியில், பொடி எழுத்தில்,
ஆய்வக உதவிக்கு நன்றி என்றொரு வரி.
யாருக்கு என்று இல்லை.
எனக்குத் தெரியும், இருசப்பனுக்கு.
தானே புயலில் பதினொரு நாள் கரண்ட் இல்லை.
தேங்காய்த்திட்டிலிருந்து
மீனுக்கு வைத்திருந்த ஐஸை மூட்டை கட்டி
டிவிஎஸ் ஐம்பதில்
விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி
தினம் இரண்டு நடை.
சேறு கெடவில்லை.
லுங்கிதான் ஒரு மாசம் நாறிச்சு என்பார்.
ஐஸ் மூட்டைக்குக் கட்டம் தேடினேன்.
அறுபத்தெட்டுப் பக்கம்.

ஏழாவது கட்டம்:
சக அறிஞர்களின் கண்ணோட்டம், நூற்றுக்கு.
இதை நாங்கள் நிரப்பக் கூடாது, மேலிருந்து வரும்.
போன வருடம் பதினொன்று வந்தது.
யாரைக் கேட்டார்கள்?
கேட்கப்பட்டவர் என்றைக்காவது
எங்கள் மாடிப்படி ஏறியிருப்பாரா?

சென்ற மாதம் தென்காசிப் பெண் ஒருத்தி
சேர்க்கைக் கடிதம் வாங்கியும் வரவில்லை.
விடுதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்தாள்.
காரணம்: சொந்தக் காரணம்.
காரணம் வேம்பரசி என்றாள் மர்லினா.
வேம்பரசியின் ஆய்வேடு
ஒரு கையெழுத்துக்காக எட்டு மாதம் மேசையில் கிடந்தது.
யார் மேசை என்று எழுத மாட்டேன்,
எனக்கும் ஓய்வூதியம் இருக்கிறது.
அவள் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுததும்
விழுப்புரம் பாசஞ்சரில் எதிர் சீட்டிடம் சொன்னதும்
எதிர் சீட்டு தென்காசிக்குப் போன் போட்டதும்
எந்தப் பதினொன்றில் சேரும்?

செவ்வாய் வந்தார்கள்.
சால்வை, முந்திரி பக்கோடா,
நடுவில் ஒருமுறை அணைந்த புரொஜெக்டர்.
குழுவில் மூத்தவர் கேட்ட முதல் கேள்வி:
"தயாபரன் இருந்த துறைதானே?"
"ஆமாம் சார், ஆமாம் சார்"
எங்கள் தலைவர் முகத்தில்
ஐந்து வருடமாக நான் பார்க்காத சிரிப்பு.

வாசல் பலகையில் உப்புக் காற்றுக்குப் பெயர் பெயர்ந்து
'க' விழுந்து ரொம்ப நாள்.
டலியல் துறை என்றே எங்களுக்குப் பழகிவிட்டது.
திங்கள் சாயங்காலம் இருசப்பன்
பழைய அலுமினியத் தட்டை வெட்டி
ஒரு 'க' செய்து ஒட்டியிருந்தார்.
மற்ற எழுத்தைவிட ஒரு விரல் பெரிது.
அதன் கீழே நின்றுதான் குரூப் போட்டோ.
இருசப்பன் டீ வாங்கப் போயிருந்தார்.

வியாழன் மதியம் போன்.
சின்னக் குரல், சிதம்பரம் பக்கம்.
"சார், உங்க துறை எப்படி சார்? சேரலாமா?"
பதினெட்டு வருடத்தில்
என்னை இதை யாரும் கேட்டதில்லை.
நாற்பத்து மூன்று, ஆயிரத்து இருநூறு
எல்லாம் நாக்கு நுனியில்தான் இருந்தது.

"இருசப்பன் மே மாசம் ரிட்டயர் ஆகிறார்" என்றேன்.
"அதுக்கு முன்னாடி வந்துடும்மா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அவர்தான் ஹெச்.ஓ.டி.யா சார்?"